ஒரு ஸ்க்ரூ குறைந்தாலும்

"வண்டியை ஏன் பிரிச்சுப் போட்டிருக்கே?"

வந்ததும் வராததுமாக ஷெட் வாசலில் நின்றபடியே தம்பி கேட்டான்.

அண்ணன் நிமிரவில்லை. அப்பாவின் பழைய மோட்டார்சைக்கிள் ஹெட்லைட் இல்லாமல் நின்றது. அந்த இடத்தில் கொத்தாக ஒயர்கள் தொங்கின.

"முன்னாடி பின்னாடி ரெண்டு லைட்டுக்கும் எல்.இ.டி. மாத்தறேன். பழைய பல்பு அழுது வடியுது. நீ வர்றதே ரோட்டுல ஒருத்தருக்கும் தெரியாது."

"நான் கேட்டேனா?"

"கேக்கலை. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கோ."

அப்பா போன பிறகு பாகம் பிரித்ததில் வண்டி தம்பிக்கு வந்திருந்தது. ஆனால் பன்னிரண்டு வருடமாக அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தவன் அண்ணன். சும்மா தூக்கிக் கொடுத்துவிடுவானா?

"அந்த மாடலுக்கு எங்க தேடினாலும் பார்ட்ஸ் கிடைக்காது. நல்லதையெல்லாம் உருவிக்கிட்டு வெறும் கூட்டை நம்ம தலையில கட்டப்போறாரு, பாருங்க" என்றாள் தம்பியின் மனைவி. அவள் மேல் மட்டும் பழி போடுவானேன், தம்பிக்கும் அதே சந்தேகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். வண்டி முழுசாக நின்றது. சாவியைத் திருப்பியதும் ஸ்பீடாமீட்டர் பக்கத்தில் வார்னிங் லைட் எரிந்தது. எரிந்தது எரிந்தபடியே இருந்தது.

"நல்லா இருந்ததைக் கெடுத்துட்டியா?"

"கெடலை. பின்னாடி பிரேக் லைட் ஃப்யூஸ் போனா சொல்றதுக்குன்னு இதை வச்சிருக்காங்க. பழைய பல்பு கரண்டை நிறைய இழுக்கும். எல்.இ.டி. கொஞ்சம்தான் இழுக்குது. அதனால பல்பே செத்துப்போச்சுன்னு இது நினைச்சுக்குது."

"அந்த வார்னிங் பல்பைப் பிடுங்கிப் போடு. அஞ்சு நிமிஷ வேலை."

"பிடுங்கிட்டா, நாளைக்கு நிஜமாவே பிரேக் லைட் போகும்போது உனக்கு யார் சொல்லுவா?"

"அப்ப வேற வழியே இல்லையா?"

"ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்துக் கட்டினா அணைஞ்சுடும். கட்டிப் பாத்தேன். ஆனா லைட் செத்தாலும் இது வாயைத் திறக்க மாட்டேங்குது. எனக்கு அது பிடிக்கலை. சின்னதா ஒரு சர்க்யூட் பண்ணணும். புதன்கிழமை வா."

"பிசாத்து லைட்டுக்கு இன்னும் மூணு நாளா?"

"புதன்கிழமை."

அண்ணன் அப்படித்தான். பிடித்தால் ஒரே பிடி.

செவ்வாய்க்கிழமை அண்ணி ஃபோன் செய்தாள். "உங்க அண்ணன் ஷெட்டே கதின்னு கிடக்கறாரு தம்பி. மாட்டறாரு, சரியில்லைன்னு கழட்டறாரு, மறுபடியும் மாட்டறாரு. சாப்பிடக் கூப்பிட்டாலும் காதுலயே விழலை. நீங்களாவது சொல்லக் கூடாதா?"

தம்பியின் காதில் 'கழட்டறாரு' மட்டும்தான் விழுந்தது.

"ஒரு ஸ்க்ரூ குறைஞ்சிருந்தாலும் சரி, இனிமே அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றான் மனைவியிடம்.

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது" என்றாள் அவள்.

புதன்கிழமை சாவியைத் திருப்பினான். வார்னிங் லைட் எரியவில்லை. அண்ணன் முகத்தில் மூன்று நாள் தாடியும் அதற்கு மேல் ஒரு சிரிப்பும் இருந்தன.

"இங்க பாரு, இந்த வார்னிங் லைட்டுல..."

"போதும். எனக்கு நேரமாச்சு."

உள்ளே வந்து உட்காரச் சொன்ன அண்ணிக்குக்கூடப் பதில் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினான். வீட்டுக்குப் போகவில்லை. அந்த மாடலை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் போய் நிறுத்தினான்.

"என்னென்ன உருவியிருக்காங்கன்னு பாத்துச் சொல்லுங்க. ஒண்ணு விடக் கூடாது."

ஒரு மணி நேரம் கழித்து மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"யாரு சார் இதைப் பண்ணினது? எல்லாமே ஒரிஜினல். கழட்டின பழைய பல்பைக்கூடத் துணியில சுத்தி சீட்டுக்கு அடியில வச்சிருக்காரு."

பிரேக் லைட்டின் ஒயரைப் பிடுங்கிக் காட்டினார். வார்னிங் லைட் எரிந்தது. மறுபடி சொருகினார். அணைந்தது.

"பாத்தீங்களா? எல்.இ.டி. போட்டு இதை இவ்வளவு ஒழுங்கா வேலை செய்ய வைக்கறதுக்குப் பொறுமை வேணும் சார். ஆனா ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது."

தம்பி துள்ளி எழுந்தான். "என்னது?"

"வார்னிங் லைட்டுக்கு மேல சிவப்புக் கண்ணாடி இருக்கணும். அதைக் காணோம்."

"எனக்குத் தெரியும்! எனக்கு அப்பவே தெரியும்!"

ஃபோனை எடுத்து மனைவியின் நம்பரை அழுத்தினான். மணி அடித்தது.

"அதுக்குப் பதிலா நீலத்தைப் போட்டிருக்காரு" என்று மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "பக்கத்துல கியர் நியூட்ரல்ல இருந்தா எரியற பச்சையைத் தொடவே இல்லை. இவ்வளவு தெரிஞ்ச மனுஷன் ஏன் இப்படிப் பண்ணினாருன்னுதான் புரியலை. என்கிட்ட சிவப்பு இருக்கு. மாத்திடவா?"

மறுபடியும் ஒயரைப் பிடுங்கினார். இரண்டு விளக்கும் பக்கத்தில் பக்கத்தில் எரிந்தன. தம்பி குனிந்து பார்த்தான். இது வேறு, அது வேறு என்று பளிச்சென்று தெரிந்தது.

"என்னங்க? எது குறையுது?" என்றாள் மனைவி ஃபோனில், ஆவலாக.

"ஒண்ணும் குறையலை. அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றான்.

சிவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்கு ஒரே நிறம். கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த அந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள், அண்ணன்தான்.