பக்கத்து வீட்டு மீன் குழம்பு

மீன் குழம்பு கொதிக்கிற வாசனை சாமி படம் வரைக்கும் வந்தது.

தணிகாசலம் எழுந்தான். கழுத்தில் ஐயப்பன் மாலை, இடுப்பில் கறுப்பு வேட்டி. சாயந்திரம் வீட்டில் பூஜை, தெருவுக்கே அன்னதானம். அதற்காகத்தான் கம்பெனியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

போன வாரம் ஒருநாள் மதியம் வந்தபோதும் இதே வாசனை. அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டான். இன்றைக்கு முடியவில்லை.

முத்தியால்பேட்டையில் வீடுகள் ஒட்டி ஒட்டித்தான் இருக்கும். படி இறங்கி அடுத்த படி ஏறினால் நெல்சன் வீடு. நெல்சனின் மனைவி அஞ்சலி கதவைத் திறந்தாள்.

"வாங்க சாமி."

"நான் மாலை போட்டிருக்கறது உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் சாமி."

"தெரிஞ்சும் இப்படிப் பண்ணா எப்படிம்மா? ஞாயித்துக்கிழமை ஆனா குடும்பத்தோட மாதா கோயிலுக்குப் போறீங்க. அடுத்தவன் விரதத்த மதிக்கணும்னு அங்க சொல்லித் தர மாட்டாங்களா?"

அஞ்சலி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஜன்னல சாத்திட்டுத்தான் வச்சேன். நாளையிலேந்து இன்னும் கவனமா இருக்கேன்."

"அப்ப நாளைக்கும் வைப்பீங்க?"

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள்.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த நெல்சன் தட்டோடு எழுந்து வந்தான். தட்டில் ரசம் சாதமும் அவரைக்காய்ப் பொரியலும்.

"நீங்க மாலை போட்டதுலேந்து நாங்க யாரும் கவுச்சி தொடல சாமி. ஒட்டின சுவரு, நல்லா இருக்காதுன்னு இவதான் சொன்னா."

"அப்ப அடுப்புல இருக்கறது யாருக்கு?"

நெல்சன் மனைவியைப் பார்த்தான். வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள்.

"எத்தனை நாளைக்கு மறைப்ப? சொல்லிடு."

"உங்க அப்பாவுக்கு சாமி," என்றாள் அஞ்சலி.

சர்க்கரைப் புண்ணுக்குக் காலில் ஆபரேஷன் முடிந்து அப்பா வீட்டுக்கு வந்ததிலிருந்து தயிர் சாதம்தான். மீனும் முட்டையும் கொடுத்தால்தான் புண் சீக்கிரம் ஆறும் என்று டாக்டர் சொன்னது தணிகாசலத்திடம்தான். மாலை கழற்றுகிற வரைக்கும் என் வீட்டில் அதெல்லாம் நடக்காது என்று சொன்னவனும் அவன்தான்.

"ஆளு ரொம்ப வாடிப் போயிட்டாரு. மனசு கேக்கல. நீங்களும் உங்க சம்சாரமும் வேலைக்குப் போனதும் பின்பக்கமா கொண்டு போய்க் குடுப்பேன். இன்னிக்கு நீங்க வந்திருக்கறது தெரியாது. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு சாமி. தெரிஞ்சா, விரதம் கெட்டுப் போச்சேன்னு பையன் கலங்கிடுவான்னாரு."

தணிகாசலம் இரண்டு கையையும் நீட்டினான்.

"குழம்ப இப்படிக் குடும்மா. அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது. முள்ளு நான் எடுத்துக் குடுக்கறேன்."