பக்கத்தில் உள்ளபடி

அப்பாவின் பெயரைத் திரையில் பார்த்ததும் அவள் கை நின்றது.

ததேயுஸ். ஊர்: கல்லடித்துறை. நிலை: இறந்தவர். சரியா?

கீழே இரண்டு பொத்தான்கள். ஆம். இல்லை.

நாகர்கோவிலில், இந்த அலுவலகத்தில், அவளுக்கு இதுதான் வேலை. கணினி இணையப் பக்கங்களை வாசித்து, யார், எந்த ஊர், யாருக்கு என்ன உறவு என்று தானே சேர்த்து வைக்கும். சரியா தப்பா என்று அவள் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல அது கற்றுக்கொள்ளும்.

ஒன்றும் தெரியாத ஜென்மம் அது. இந்த வாரம் தேவாலயங்களின் பக்கங்களை வாசிக்கிறது. நேற்று கல்யாணமே ஆகாத ஒரு பங்குத்தந்தைக்கு எண்ணூறு பிள்ளைகள் என்று எழுதி வைத்திருந்தது. அறையே சிரித்தது.

அப்பா இறந்ததாக யாரும் எங்கும் எழுதியதில்லை. இதுவும் அப்படி ஓர் உளறலாகத்தான் இருக்கும்.

'இல்லை'யை அழுத்தினாள்.

தப்பு என்றால் எந்த வரியில் தவறியது என்று காட்ட வேண்டும். மூலப் பக்கம் திறந்தது. அவள் ஊர்க் கோயிலின் வாரச் செய்தி மடல்.

முதல் வெள்ளி, காலை ஆறு மணித் திருப்பலி. கடலில் இறந்த ததேயுஸ் ஆன்ம இளைப்பாற்றிக்காக. ஒப்புக்கொடுப்பவர்: மனைவி சிலுவம்மாள்.

இரண்டு முறை வாசித்தாள்.

அப்பாவோடு புயலில் போன வள்ளம். ஐந்து வருடமாகிறது. உடல் கிடைக்கவில்லை.

ரேஷன் கார்டில் பெயரை நீக்கச் சொன்ன சித்தப்பாவிடம் அம்மா சண்டைக்கே போய்விட்டாள். "அவரு வந்து கேட்டா நான் என்னத்த சொல்லுவேன்?"

அப்பா வரமாட்டார் என்று அவளுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. அம்மா தாங்கமாட்டாள் என்றுதான் வாயைத் திறக்கவில்லை. மாதத்தின் முதல் வெள்ளிதோறும் அம்மா தனியாகப் பூசைக்குப் போவாள். அவர் திரும்பி வரத்தான் வேண்டுதல் என்பாள்.

பழைய மடல்களைத் திறந்தாள். போன மாதம். அதற்கு முந்தின மாதம்.

மூன்று வருடமாக அதே வரி.

முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் புரிந்தது, அம்மாவும் யாருக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று.

இந்த வேலைக்கு ஒரே ஒரு விதி. பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். நமக்குத் தெரிந்தது, நாம் ஆசைப்படுவது எதுவும் கணக்கில் இல்லை.

திரும்பப் போய் 'ஆம்' என்று மாற்றினாள்.

உடனே அடுத்த பெயர் வந்து நின்றது. அதை அவளால் வாசிக்க முடியவில்லை. போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தாள்.

"அம்மா, இந்த வெள்ளிக்கிழம பூசைக்கு நானும் வாறேன்."

திடீரென்று என்ன என்று அம்மா கேட்பாள் என நினைத்தாள்.

கேட்கவில்லை.

"வரும்ப மெழுவுத்திரி ஒண்ணு வாங்கிட்டு வா மக்ளே," என்றாள் அம்மா. "எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு."