இடது கால் ஷூ

"பன்னண்டு அடி முதலை, மச்சான்! எடது ஷூவைக் கவ்விக்கிட்டு, எனக்கு ஒரு கும்பிடும் போட்டுட்டுத் தண்ணிக்குள்ள எறங்கிடுச்சு!"

மணவாளன் இப்படிச் சொன்னபோது, வாய்க்கால் கரையில் நின்ற மைத்துனன் ஜெயப்பிரகாஷ் சிரிக்கவில்லை. அவன் கையில் வலது ஷூ மட்டும் இருந்தது.

சிங்கப்பூரிலிருந்து அவன் கொண்டுவந்த ஷூ அது. யாரோ ஒரு பாட்டுக்காரரும் ஷூ கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து போட்டதாம். அதற்காக அங்கே ஜனம் விடிய விடிய வரிசையில் நின்றதாம். விலை பதினோராயிரம்.

"ஒரு நாள் போட்டுப் பாருங்க மாமா. புடிக்கலன்னா சாயங்காலம் திருப்பி வாங்கிக்கறேன். இதை வாங்கக் கடலூர்ல ஒரு டாக்டரு காத்துக்கிட்டிருக்காரு" என்று காலையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

போன மாதம்தான் மணவாளனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். தினமும் நடக்க வேண்டும், அதிர்ச்சி மட்டும் ஆகவே ஆகாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவரும் புது ஷூவோடு சிதம்பரம் நான்கு வீதிகளும் தேயத் தேய நடந்து பார்த்தார். வலது கால் 'வாங்கு' என்றது. இடது கால் பென்ஷனை நினைத்து 'வேண்டாம்' என்றது.

முடிவெடுக்க முடியாமல் வாய்க்கால் பக்கம் வந்து, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் கரை மர நிழலில் படுத்தார். எழுந்தபோது இடது ஷூவைக் காணவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முதலை அவருடைய சொந்தச் சரக்கு.

"அக்கா, நீயாவது உண்மையைச் சொல்லு."

மணவாளனின் மனைவி சௌந்தரம், சேலை ஓரத்தில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "முதலையாவது கிதலையாவது! முப்பது வருஷமா இவரு வாயில வராத மிருகமே இல்ல. நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்டா. இவ்ளோ வெலைக்கு ஷூவே வேணாம்னு காலையிலயே தலபாடா அடிச்சிக்கிட்டேன்."

"டாக்டரு மூணு தடவை போன் பண்ணிட்டாரு. ஒத்தை ஷூவை அவரு வாங்குவாரா? நீங்கதான் காசு குடுக்கணும் மாமா."

மணவாளனின் முகம் சுண்டிப்போனது. அப்போதுதான் கோரைப்புல் ஓரமாக, தண்ணீரில் வெள்ளையாக ஏதோ மிதப்பதைப் பார்த்தார்.

"அதோ கெடக்குது பாரு ஷூவு! இரு, நானே எடுத்துத் தரேன்." வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஏங்க, வேணாம். சளி புடிச்சிக்கும்."

"புரட்டாசி வெயில்ல சளியா? மொழங்கால் தண்ணிடி." ஒரு காலைத் தண்ணீரில் வைத்துவிட்டார்.

காற்று துளிகூட இல்லை; தண்ணீரிலும் ஓட்டமில்லை. ஆனால், ஷூ மெல்ல நகர்ந்தது.

சௌந்தரம் பாய்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் கரையில் விழுந்தார்கள். அவள் பிடித்த கையை விடவில்லை.

"பதினோராயிரத்தையும் அவங்கிட்ட குடுத்துடுங்க! உங்களைத் தேடிக்கிட்டு நான் இங்க வந்தப்ப, நீங்க தூங்கறீங்க, அது உங்க காலாண்ட வந்துடுச்சு. கையில கெடச்ச ஷூவைத்தான் அது வாயில வீசுனேன். உங்க நெஞ்சு தாங்காதேன்னுதான் நாய்னு சொன்னேன்."

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"முதலை நெசந்தாங்க. கும்பிடுதான் போடல."