மாட்டிக்கொள்ளும் இடம்

இருப்பதிலேயே விலை குறைந்த புல்வெட்டும் ரோபோவைத்தான் வாங்கினேன். எங்கள் வீட்டு முன்புறத்துப் புல்தரைக்கு அதற்கு மேல் தேவையில்லை, என் மூளைக்கும்தான். புது வண்டிக்குச் செய்வதுபோல் சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துத் தொடங்கினேன். அது பழத்தில் முட்டி, மரியாதையாகத் திரும்பிப் போனது. "ஒரு பழத்த நசுக்கத் துப்பில்ல, இதுக்குப் பூசை வேற" என்றாள் என் மனைவி கோசலை, வாசல் நாற்காலியிலிருந்து. மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் அதை விட்டு எழுவதேயில்லை. நடக்காவிட்டால் கால் விறைத்துப்போகும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நான் கெஞ்சினால், விழுந்துவிடுவேன் என்பாள்.

மறுநாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது ரோபோ செம்பருத்தி வேரில் சிக்கிக் கீச்சிட்டது. "ஏனுங்க, இது மாட்டீட்டு அழுவுதுங்க." நான் சோப்பு நுரையோடு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கோசலை செம்பருத்தியருகே நின்று, ஊன்றுகோலால் அதைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். "கண்ணு தெரியலயா உனக்கு? அந்தப் பக்கம் போ."

அதிலிருந்து தினமும் காலையில் வெகுநேரம் குளிக்கிறேன். அதற்கு முன் தோட்டத்தில் ஒரு சின்ன வேலை இருக்கிறது: ஒரு செங்கல்லை, நாற்காலியிலிருந்து முந்தைய நாளைவிடச் சற்றுத் தள்ளி, புல்லுக்குள் சாய்த்து வைப்பேன். ரோபோ அதில் ஏறி மாட்டிக்கொள்ளும்; ஒருநாளும் என்னை ஏமாற்றியதில்லை. இன்று செங்கல் காம்பவுண்டுச் சுவர்வரை போய்விட்டது. துண்டோடு குளிக்கக் கிளம்பினேன். செருப்பை மாட்டிக்கொண்டே கோசலை கேட்டாள்: "ஏனுங்க, நாளைக்குக் கல்ல ரோட்டுலயா வெப்பீங்க?"