ஐந்து ஆள் ஆழம்

மண்வெட்டியின் முதுகு மூன்றாம் முறை தலையில் இறங்கியபோது கம்லா படகுக்குள் சரிந்தான். பூவொங் நிறுத்தவில்லை. நான்காவது அடியில் எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது.

பூவொங் வெடி போட்டு மீன் பிடிக்கிற முதலாளி. போன வாரம் அந்த வெடியில் கம்லாவின் தம்பி சிதறிப்போனான். போலீசுக்குப் போவேன் என்று கம்லா சொன்னதற்குத்தான் இந்த அடி.

துடுப்புப் போட்டவள் கம்லாவின் மனைவி பின்கேவ். அணை கட்டியதில் ஏரிக்குள் மூழ்கிய காட்டின் மரமுனைகள் படகைக் கிழிக்காமல் ஓட்ட அவளுக்குத்தான் தெரியும். அதனால்தான் அவளை இன்னும் விட்டுவைத்திருந்தான்.

“நல்ல ஆழத்துக்கு விடு. வாயத் தொறந்தே, உன் மக பள்ளிக்கூடத்துலேர்ந்து வீடு வந்து சேரமாட்டா.”

அவள் அழவில்லை. வெகுதூரம் வலித்துப்போய், தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த ஒரு மொட்டைக் கிளையருகே நிறுத்தினாள். பூவொங் கயிற்றில் கல் கட்டி இறக்கிப் பார்த்தான். ஐந்து ஆள் ஆழம்.

அவன் மேகாங் கரையில் வளர்ந்தவன். ஓடுகிற ஆறுதான் பிணத்தைக் கரை ஒதுக்கிக் காட்டிக்கொடுக்கும். அணைக்குள் தேங்கின தண்ணீர் வாய் திறக்காது என்பது அவன் நினைப்பு. கம்லாவின் இடுப்பில் கருங்கல்லைக் கட்டி உருட்டிவிட்டான். குமிழி வந்தது, நின்றது.

மண்வெட்டியையும் வீசப்போனான்.

“அதப் போட்டுறாதீங்க முதலாளி. எங்கிட்ட அது ஒண்ணுதான் இருக்கு.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மீன்படகுல மண்வெட்டி எதுக்கு? தண்ணியக் கொத்தவா?” கழுவி அவள் காலடியில் எறிந்தான்.

ஐந்து மாதம் கழித்து, மார்ச் வெயிலில், தலைநகர் வியந்தியானின் மின்விசிறிகளுக்காக அணை இரவும் பகலும் தண்ணீரை இறக்கி மின்சாரம் தயாரித்துக்கொண்டிருந்த சமயம், போலீஸ் அவனை ஜீப்பில் ஏற்றியது. பிணமே இல்லாமல் என்ன வழக்கு என்று வழியெல்லாம் கேலி பேசிக்கொண்டு வந்தான்.

படகுத்துறை வந்தது. ஜீப் நிற்கவில்லை. துறையைத் தாண்டிச் சரிவில் இறங்கி, பாளம் பாளமாக வெடித்த மண்மேல் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த மொட்டைக் கிளை இப்போது வானுயர நின்ற ஒரு மரத்தின் உச்சியில் இருந்தது. அடியில் ஊரே கூடியிருந்தது. கருங்கல்லைச் சுற்றிய கயிறு இன்னும் அவிழவில்லை.

பின்கேவ் மண்வெட்டியை ஊன்றி நின்றாள்.

“வருஷா வருஷம் இங்கதான் முதலாளி நான் வெள்ளரி போடுறேன்.”