வரைபடத்தில் ஒரு பச்சைக் கட்டம்

வெயில் சைக்கிள் கடையின் தகரக் கூரையைக் காய்ச்சுகிறது. ஸ்மார்ட் சிட்டிக்குக் கருத்துக் கேட்க வந்த பெண் டேப்லெட்டைத் தட்டுகிறாள். "உங்க தெருவுக்கு என்னக்கா வேணும்? கேமராவா, சென்சார் விளக்கா, வைஃபையா?" பஞ்சர் ஒட்டிக்கொண்டே கடைக்காரி சொல்கிறாள்: "குழாயில தண்ணி வரணும்மா." "அது இதுல இல்லக்கா. உங்க பேருல கேமரான்னு போட்டுக்கறேன். இங்க விரல் வைங்க." கிரீஸ் விரலைத் துணியில் துடைத்து நீட்டும்போது திரையில் தெருவின் வரைபடம் தெரிகிறது. மருந்துக்கடை இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. தன் கடை இருக்கும் இடத்தில் பச்சை நிறம் மட்டும்தான். "இங்க என்னம்மா பச்சையா இருக்கு?" வந்தவள் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறாள்: "பார்க் வரப்போகுதுக்கா. நல்ல காத்து வரும்." "அப்ப நான் எங்க போவேன்?" "எனக்குத் தெரியாதுக்கா. நான் கருத்து கேக்கத்தான் வந்தேன்." கடைக்காரி விரலை மடக்கிக்கொள்கிறாள். "அதுலேருந்து என் பேரை அடிச்சிடும்மா."