மணிக்கட்டில் சுற்றிய கயிறு

குண்டப்பன் என்ற நாய் தினமும் காலையில் தன் எஜமானர் சிதம்பரநாதனோடு நடக்கப் போகும். அவர் அதன் கழுத்துக் கயிற்றைக் கையில் பிடிப்பதில்லை. மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு செல்போனில் மூழ்கிவிடுவார்.

அன்று சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு மதில்மேல் பூனை உட்கார்ந்திருந்தது.

“என்னடா குண்டா, முடிஞ்சா வந்து பிடி பார்க்கலாம்!” என்று வாலை ஆட்டிக் காட்டியது.

குண்டப்பனுக்கு உடம்பெல்லாம் துடித்தது. ஒரே பாய்ச்சலில் போய்விடலாம். ஆனால் வளைவில் தண்ணீர் லாரி ஒன்று வேகமாக வந்துகொண்டிருந்தது.

“வர முடியாது. பின்னால இந்த மனுஷனைக் கட்டிவெச்சிருக்கு. நான் பாய்ஞ்சா, கயித்தை விடவும் முடியாம என்னோடயே லாரிக்கு அடியில வந்துடுவார்.”

“வந்தா வரட்டுமே. உனக்கென்ன?”

“அப்புறம் பிஸ்கட் டப்பாவை நீயா வந்து திறப்பே?”

“போடா பயந்தாங்கொள்ளி!” பூனை விழுந்து விழுந்து சிரித்தது.

குண்டப்பனுக்கு அவமானமாக இருந்தது. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தது. கயிறு இழுபட்டதும் எஜமானரும் நின்றார். அவர் மூக்கை உரசுவதுபோல் லாரி கடந்து போனது. அவர் நிமிரவே இல்லை.

அந்தப் பக்கமாக வந்த பக்கத்து வீட்டுக்காரர் அசந்துபோனார். “பூனையைப் பார்த்தும் பாயாம உட்கார்ந்திருக்கே சார்!”

“எல்லாம் நான் குடுத்த டிரெய்னிங்,” என்றார் சிதம்பரநாதன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். “அது சரி, எந்தப் பூனை?”